ஐபிவி6 சோதனையில் இணைப்பு தடுமாறினால் எங்கிருந்து தேடுவது

வீட்டிலோ சிறிய அலுவலகத்திலோ ஐபிவி6-ஐ (இணையத்தில் சாதனங்களுக்கு முகவரி தரும் புதிய முறை) முதல் முறையாகத் திறந்துவிட்டுச் சோதிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது. வாட்ஸ்அப் ஓடுகிறது, யூடியூப் ஓடுகிறது. ஒரே ஒரு தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐபிவி6-ஐ அணைத்தால் அதுவும் ஓடுகிறது. அணைத்தே வைத்துவிடலாமா?”

அணைக்க வேண்டாம். அணைத்தால் சரியாகிறது என்பதிலிருந்து, குறை ஐபிவி6 போகிற வழியில் எங்கோ இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. அது கணினியிலா, ரவுட்டரிலா, சுவருக்கு அப்பாலா என்று பார்க்காமலே மூடிவிட்டால், அடுத்த மாதம் வேறொரு சாதனத்தில் அதே குறை வேறு முகத்தோடு வந்து நிற்கும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் சிராங்கூன் ரோடு பக்கத்துச் சின்ன அலுவலகங்களிலும் இதைத் தேடித் தேடி எனக்குப் பழகிப்போன வரிசையை இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பதை நோக்கி ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். எந்தப் படியையும் தாண்டாதீர்கள்.

குறை ஏன் ஒளிந்துகொள்கிறது

பழைய ஐபிவி4 முகவரியின் நீளம் 32 பிட். அதில் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தது. சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரிகளைப் பங்கிடும் ஏப்நிக், அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஐபிவி6 முகவரி 128 பிட். அதன் வரையறை 1998 டிசம்பரிலேயே எழுதப்பட்டது, முழுத் தரநிலையாக ஏற்கப்பட்டது 2017 ஜூலையில். இந்த நெறிமுறைக்கு (புரோட்டோகால்) வயதாகிவிட்டது, உங்கள் வீட்டில் அதைத் திறந்துவிடும் நாள்தான் புதிது.

2011 ஜூன் 8-ஆம் தேதி உலக ஐபிவி6 நாள். கூகுள், ஃபேஸ்புக், யாஹூ முதலிய தளங்கள் ஒரு முழு நாள் தங்கள் வாசலை ஐபிவி6-க்கும் திறந்துவைத்துப் பார்த்தன. நம் நேரத்துக்குக் காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 வரை. அன்றைக்கு எல்லாருக்கும் இருந்த பயம் ஒன்றுதான். கணினி தன்னிடம் ஐபிவி6 இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும், ஆனால் வழி எங்கோ அடைபட்டிருக்கும். அக்காலத்து பிரவுசர் ஐபிவி6-இல் தட்டிப் பார்த்து, இருபது வினாடிக்கும் மேல் காத்திருந்து, பிறகுதான் ஐபிவி4-க்கு மாறும். பார்க்கிறவருக்கு அது ‘தளம் செத்துப்போச்சு’ என்றுதான் தோன்றும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் ‘ஹேப்பி ஐபால்ஸ்’ என்ற ஏற்பாடு. 2012-இல் எழுதப்பட்டு 2017-இல் திருத்தப்பட்டது. பிரவுசர் ஐபிவி6-இல் தட்டும், கால் வினாடிக்குள் பதில் வராவிட்டால் ஐபிவி4-இலும் தட்டிவிடும், எது முதலில் திறக்கிறதோ அதில் நுழைந்துகொள்ளும். பயன்படுத்துகிறவருக்கு நிம்மதி. ஆனால் சோதிக்கிறவருக்குக் கண் மறைந்துவிடுகிறது. ஐபிவி6 வழி முழுக்க அடைபட்டிருந்தாலும் பக்கம் திறக்கும், பச்சை விளக்கு எரியும், நீங்கள் “ஓடுது” என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் சோதனையின் முதல் வேலை, ஐபிவி4 என்ற ஊன்றுகோலைக் கையிலிருந்து எடுத்துவிடுவது.

தொடங்கும் முன்

மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரில் செருகுங்கள். கணினியில் கேபிள் செருக இடம் இல்லையென்றால் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சிம் லிம் ஸ்குவேரில் ஒரு நடை போனால் கிடைத்துவிடும். வைஃபையில் தொடங்கினால் வானொலி அலையின் குறையும் நெறிமுறையின் குறையும் ஒன்றாகக் கலந்துவிடும். கேபிளில் எல்லாம் சரியாக வந்த பிறகு வைஃபைக்குப் போகலாம்.

அப்புறம் அந்தக் கணினியில் மட்டும் ஐபிவி4-ஐ அணையுங்கள். விண்டோஸில் அந்த அடாப்டரின் பண்புகளில் ஐபிவி4 பக்கத்துச் சரிக்குறியை எடுக்க வேண்டும். மேக்கில் ‘கான்ஃபிகர் ஐபிவி4’ என்ற இடத்தில் ‘ஆஃப்’ வைக்க வேண்டும். அலுவலகக் கணினி என்றால் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அணைத்ததும் சில தளங்கள் திறக்கவே திறக்காது. இன்னும் ஐபிவி6 முகவரி வாங்காத தளங்கள் அவை, அதற்காகப் பதற வேண்டாம். சோதனை முடிந்ததும் ஐபிவி4-ஐத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். நேரம், என்ன செய்தேன், என்ன பதில் வந்தது. இந்த மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். ஏன் என்பது கடைசியில் புரியும்.

முதல் படி: முகவரி வந்திருக்கிறதா

விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளை, லினக்ஸில் ‘ஐபி மைனஸ் 6 அட்ரஸ்’. இரண்டு வகை முகவரிகள் தெரிய வேண்டும். ஒன்று ‘எஃப்இ80’ என்று தொடங்கும். இது உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி, கணினி தானாகவே வைத்துக்கொள்வது. ஆகவே இது இருப்பதை வைத்து ஐபிவி6 வந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மற்றது 2 அல்லது 3 என்ற இலக்கத்தில் தொடங்கும். வெளியுலகத்துக்குச் செல்லுபடியாகும் முகவரி அதுதான்.

இரண்டாவது வரவில்லையென்றால் நம் ஊர் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃபைபர் வந்து முடியும் பெட்டிக்குப் பக்கத்தில் சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டர் இருக்கும். வீட்டின் கடைசி அறைக்கு வைஃபை எட்டவில்லையென்று நீங்களே வாங்கி மாட்டிய மெஷ் ரவுட்டர் அதற்குப் பின்னால் இருக்கும். இரண்டுமே ரவுட்டராக வேலை செய்யும்போது ஐபிவி4 ஒன்றும் சொல்லாது. முகவரியை ஒரு முறை மாற்றி, இன்னொரு முறை மாற்றி எப்படியோ வெளியே போய்விடும். ஐபிவி6-இல் அந்த முகவரி மாற்றும் வித்தை வழக்கமாகக் கிடையாது. முதல் ரவுட்டர் தனக்கு வந்த முகவரித் தொகுதியில் ஒரு பங்கை இரண்டாவதற்குப் பிரித்துக் கொடுத்தால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு முகவரி கிடைக்கும். நிறுவனம் ஒரே ஒரு 64 பிட் தொகுதிதான் கொடுத்திருந்தால் பிரித்துக் கொடுக்க ஒன்றுமே இல்லை.

தீர்வு எளிது. மெஷ்ஷை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றுங்கள். அப்போது அது வெறும் வைஃபை கம்பமாக நிற்கும், முகவரி கொடுப்பதை முதல் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். வீவக வீடுகளில் நான் பார்த்த ‘முகவரியே வரவில்லை’ புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிந்திருக்கின்றன.

அலுவலகங்களில் இன்னொரு வகை. மடிக்கணினிகளுக்கெல்லாம் முகவரி வந்திருக்கும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு மட்டும் வராது. ரவுட்டர் டிஎச்சிபிவி6 (சாதனம் கேட்டால் முழு முகவரியையும் கொடுக்கும் முறை) வழியாக மட்டுமே முகவரி கொடுக்கும்படி அமைந்திருந்தால் இப்படி ஆகும். ஆண்ட்ராய்டு நெடுங்காலமாகவே அந்த வழியில் தனி முகவரி கேட்பதில்லை. ரவுட்டர் தன் அறிவிப்பில் பிரிஃபிக்ஸை, அதாவது முகவரியின் முன்பகுதியைச் சொல்ல, சாதனம் மீதியைத் தானே கட்டிக்கொள்ளும் ‘ஸ்லாக்’ முறையையும் திறந்துவையுங்கள்.

முகவரி 2002 என்று தொடங்கினால் வேறு கதை. அது ‘6டு4’ என்ற பழைய சுரங்க முறையின் (ஐபிவி6-ஐ ஐபிவி4-க்குள் வைத்து அனுப்புவது) அடையாளம். பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் பழைய விண்டோஸ் கணினியில் இணையப் பகிர்வைத் திறந்துவைத்திருப்பார், அந்தக் கணினி “நான்தான் ரவுட்டர்” என்று எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டிருக்கும். அந்தக் கணினியைக் கண்டுபிடித்துப் பகிர்வை அணைத்தால் போதும்.

இரண்டாம் படி: ரவுட்டரோடு பேச முடிகிறதா

வழிப் பட்டியலைப் பாருங்கள். லினக்ஸில் ‘ஐபி மைனஸ் 6 ரூட்’. வெளியே போகும் வழி ஒரு ‘எஃப்இ80’ முகவரியைக் காட்டும், அதுதான் ரவுட்டர். அதை பிங் செய்யுங்கள், அதாவது ‘பிங்’ கட்டளையால் தட்டிப் பார்த்துப் பதில் வருகிறதா என்று பாருங்கள். புதியவர்கள் இங்கே தடுக்கி விழுவது வழக்கம். இந்த வகை முகவரிக்கு எந்தக் கேபிள், எந்த வைஃபை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகவரிக்குப் பின்னால் ஒரு சதவீதக் குறி போட்டு, விண்டோஸில் அடாப்டரின் எண்ணையும் லினக்ஸிலும் மேக்கிலும் அதன் பெயரையும் எழுதுங்கள். அது இல்லாமல் பிங் தோற்றால் ரவுட்டர்மேல் பழி போடாதீர்கள்.

அண்டைச் சாதனங்களின் பட்டியலில் ‘ஸ்டேல்’ என்று போட்டிருந்தால் பயம் வேண்டாம். கொஞ்ச நேரமாகப் பேசவில்லை என்றுதான் அதற்குப் பொருள், குறை ஏதும் இல்லை. ‘இன்கம்ப்ளீட்’ அல்லது ‘ஃபெயில்டு’ என்று நின்றால்தான் கவனிக்க வேண்டும். அப்போது நடுவில் உள்ள சுவிட்ச் அல்லது வைஃபை பெட்டி மல்டிகாஸ்ட் செய்திகளை (ஒரு குழுவுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் செய்திகள்) விழுங்குகிறதா என்று பாருங்கள். ஐபிவி4-இல் “இந்த முகவரி யாருடையது?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூவுவார்கள். ஐபிவி6 அதையே மல்டிகாஸ்ட் வழியாக மெல்லக் கேட்கிறது. மல்டிகாஸ்டை வடிகட்டும் பெட்டிக்கு அந்தக் குரல் கேட்காது.

மூன்றாம் படி: எண்ணால் வெளியே போவது

இன்னும் பெயர்களைத் தொடாதீர்கள். இரண்டு முகவரிகளை நினைவில் வையுங்கள், முழுக்க எண்களாகவே இருப்பதால் தட்டுவது சுலபம். கூகுளின் 2001:4860:4860::8888, கிளவுட்ஃப்ளேரின் 2606:4700:4700::1111. இரண்டும் பொது டிஎன்எஸ் சேவையின் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) முகவரிகள். இரண்டையும் பிங் செய்யுங்கள். இரண்டும் பதில் சொன்னால் அடுத்த படிக்குப் போகலாம். ஒன்று மட்டும் சொன்னால் குறை தூரத்தில் இருக்கிறது. இரண்டுமே சொல்லவில்லையென்றால் ‘ட்ரேஸர்ட் மைனஸ் 6’ போட்டுப் பாருங்கள், வழியில் உள்ள ரவுட்டர்களை அது வரிக்கு ஒன்றாகக் காட்டும். நடுவில் சில வரிகள் நட்சத்திரமாக இருந்தாலும் கடைசி வரி வந்துவிட்டால் வழி நன்றாகவே இருக்கிறது. சில ரவுட்டர்கள் தங்கள் பெயரைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதல் வரியே நட்சத்திரமாக நின்று, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லையென்றால் ஒரு கேள்வி: சமீபத்தில் மின்சாரம் போய் வந்ததா, ரவுட்டர் மறுதொடக்கம் ஆனதா? மறுதொடக்கத்தின்போது நிறுவனம் புதிய பிரிஃபிக்ஸ் கொடுத்திருக்கலாம். கணினியிடம் பழைய முகவரியும் புதிய முகவரியும் சேர்ந்தே இருக்கும். பழையதை வைத்துக்கொண்டு வெளியே போனால் நிறுவனத்தின் ரவுட்டர் அதை ஏற்காது. பழைய முகவரிக்கு இயல்பாக அமைந்த ஆயுள் நாள்கணக்கில் இருப்பதால் தானாகவே போகட்டும் என்று காத்திருக்க முடியாது. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள், அல்லது வைஃபையிலிருந்து விலகித் திரும்பச் சேருங்கள்.

நான்காம் படி: பெயர்

எண் போகிறது, பெயர் போகவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில். ஐபிவி4-ஐ அணைத்ததும் பலருக்கு இது வெளிப்படும். அதுவரை டிஎன்எஸ் முகவரியை ஐபிவி4 வழியாகவே வாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். ரவுட்டரின் அறிவிப்பில் டிஎன்எஸ் முகவரியும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்றைக் கையால் போட்டுச் சோதனையைத் தொடரலாம். ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையில் ‘குவாட் ஏ’ வகைப் பதிவைக் கேளுங்கள், ஐபிவி6 முகவரி அதில்தான் வரும். பதிவே இல்லாத தளம் ஐபிவி6-இல் திறக்காது, அது உங்கள் பக்கத்துக் குறையில்லை.

ஐந்தாம் படி: பாக்கெட்டின் அளவு

முதல் நான்கு படிகளும் தேறிய பிறகும் சில தளங்கள் சுற்றிக்கொண்டே இருந்தால் இங்கே வாருங்கள். ஐபிவி6 சோதனையில் ஆளை அலைக்கழிப்பது இந்தக் குறைதான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

சிராங்கூன் ரோட்டுக்கு அருகில் ஒரு துணைப்பாட நிலையம். நடத்துகிற அக்கா ஒரு சனிக்கிழமை மாலை கூப்பிட்டார்.

“தம்பி, வருகைப் பதிவு டிக் பண்ணுனா உடனே போவுது. பிள்ளைங்க பரீட்சைத் தாள ஸ்கேன் பண்ணி ஏத்துனா மட்டும் அப்படியே நின்னுடுது. வீட்டுல இருந்து ஏத்துனா ஏறுது.”

“எவ்வளவு தூரம் போய் நிக்குதுக்கா?”

“எங்க போவுது? பூஜ்யத்துலேயே நிக்குது.”

இந்தப் பேச்சிலேயே பாதி விடை இருந்தது. இணையத்தில் எல்லாமே பாக்கெட் என்னும் சிறு பொட்டலங்களாகத்தான் போகும். டிக் என்பது சின்னப் பாக்கெட். ஸ்கேன் செய்த தாள் நூற்றுக்கணக்கான முழுப் பாக்கெட்டுகள். சின்னது போகிறது, பெரியது போகவில்லை.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். வழியில் எங்காவது அதைவிடக் குறுகலான வாசல் இருந்தால் ஐபிவி4-இல் நடுவில் உள்ள ரவுட்டரே பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்ப முடியும். ஐபிவி6-இல் நடுவில் இருப்பவர் துண்டாக்கக் கூடாது. பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு “பெரிதாக இருக்கிறது, என் வாசல் இவ்வளவுதான்” என்று ஐசிஎம்பிவி6-இல் (வலைச் சாதனங்கள் பிழையையும் நிலையையும் சொல்லிக்கொள்ளும் முறை, பிங்கும் இதில்தான் போகும்) ஒரு சீட்டு அனுப்புவார். அனுப்பியவர் அதைப் படித்து அளவைக் குறைத்து மறுபடி அனுப்புவார். அந்தச் சீட்டு வந்து சேராவிட்டால் அனுப்பியவருக்கு ஒன்றுமே தெரியாது. அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார், அதுவும் திரும்பத் திரும்பத் தொலைந்துகொண்டே இருக்கும். திரையில் வட்டம் சுற்றும்.

இதை அளந்து பார்ப்பது எப்படி? பிங் கட்டளையில் அளவைக் கொடுக்கலாம், விண்டோஸில் ‘மைனஸ் எல்’, லினக்ஸிலும் மேக்கிலும் ‘மைனஸ் எஸ்’. லினக்ஸில் ‘மைனஸ் பெரிய எம்’ போட்டு ‘டூ’ என்றும் எழுதுங்கள், கணினி தானே துண்டாக்காமல் இருக்கும். நீங்கள் கொடுக்கும் எண்ணோடு ஐசிஎம்பிவி6 தலைப்புக்கு 8 பைட், ஐபிவி6 தலைப்புக்கு 40 பைட் சேரும். ஆகவே 1452 என்று கொடுத்தால் பாக்கெட் சரியாக 1500. 1232 என்று கொடுத்தால் 1280. இந்த 1280-ஐ ஐபிவி6 ஓடுகிற எந்த வழியும் தாங்கியே ஆக வேண்டும், அதுதான் விதி.

துணைப்பாட நிலையத்தில் 1232 போனது. 1452 போகவில்லை, பதிலும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை, வெறும் மௌனம். ஏற்றி இறக்கிப் பார்த்ததில் 1432 போனது, 1433 போகவில்லை. 1432-உம் 48-உம் 1480. பார்த்ததுமே பிடிபட்டது. 1500-இலிருந்து ஓர் ஐபிவி4 தலைப்புக்கு வேண்டிய 20 பைட்டைக் கழித்தால் வருவது 1480. அதாவது வழியில் ஐபிவி6 பாக்கெட்டை ஐபிவி4 உறைக்குள் போட்டு அனுப்பும் சுரங்கம் ஒன்று இருக்கிறது. (பிபிபிஓஇ என்ற வகை இணைப்பில் இதே எண் 1492-ஆக இருக்கும், பிங் அளவு 1444.)

சுரங்கம் இருப்பது குற்றமில்லை. சீட்டு ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. அவர்களுடைய ஃபயர்வாலைத் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் காவல்) திறந்தால் அங்கே ஒரு விதி: பிங்குக்கு வரும் பதிலைத் தவிர, வெளியிலிருந்து வரும் ஐசிஎம்பி அனைத்தையும் தடு. பாதுகாப்புக்கு நல்லதென்று யாரோ எப்போதோ போட்டது. ஐபிவி4 காலத்தில் அந்தப் பழக்கத்தைப் பலர் தாங்கிக்கொண்டார்கள். ஐபிவி6-க்கு ஐசிஎம்பி மூச்சு மாதிரி. போய்ச்சேரவில்லை என்னும் 1-ஆம் வகை, பெரிதாக இருக்கிறது என்னும் 2-ஆம் வகை, நேரம் கடந்தது என்னும் 3-ஆம் வகை, தலைப்பில் பிழை என்னும் 4-ஆம் வகை ஆகியவற்றை ஃபயர்வாலில் அனுமதிக்க வேண்டும். உள் வலையில் 133 முதல் 136 வரையுள்ள வகைகளையும் தடுக்கக் கூடாது. ரவுட்டர் அறிவிப்பும் அண்டை வீட்டாரைக் கண்டுபிடிப்பதும் அவற்றில்தான் நடக்கின்றன.

விதியை மாற்றினேன். மறுபடி 1452 பிங். முதல் முறை ‘பாக்கெட் பெரிது’ என்று சீட்டு வந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்தபோது வந்த நிம்மதி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அக்கா ஒரு தாளை ஸ்கேனரில் வைத்தார், ஏறியது. அடுத்த தாள், அதற்கடுத்த தாள். மீதிக் கட்டையும் எடுத்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஃபயர்வாலில் கை வைக்க முடியாத இடமாக இருந்தால் ரவுட்டரில் ‘எம்எஸ்எஸ் கிளாம்ப்’ என்ற வசதி இருக்கிறதா பாருங்கள். டிசிபி (பாக்கெட்டுகளைத் தொலையாமல் வரிசையாகச் சேர்க்கும் முறை) இணைப்பு தொடங்கும்போதே அளவைக் குறைத்துச் சொல்லிவிடும். 1500-க்கு 1440, 1480-க்கு 1420. இது டிசிபிக்கு மட்டும்தான் உதவும். சீட்டுக்கு வழிவிடுவதுதான் சரியான தீர்வு.

ஆறாம் படி: அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது

பலர் ஐந்தாவது படியோடு எழுந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள், இப்போது வைஃபையில்.

தோ பாயோவில் இருக்கும் நண்பனுக்கு ஒரு விசித்திரமான தொல்லை. வைஃபையில் சேர்ந்ததும் எல்லாம் ஓடும். ஒரு தொடர் பாதி பார்ப்பதற்குள் நின்றுவிடும். வைஃபையை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். “மச்சான், ரவுட்டர் சூடாகுதுன்னு நினைக்கிறேன்” என்று அதற்கு முன்னால் ஒரு குட்டி மின்விசிறி வேறு வைத்திருந்தான்.

வழிப் பட்டியலைத் திரையில் திறந்து இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே போகும் வழியின் ஓரத்தில் ஓர் எண் இருக்கும், இன்னும் எத்தனை வினாடி இந்த வழி செல்லும் என்று. சேர்ந்தபோது 1800. பத்து நிமிடம் கழித்து 1200. நன்றாக இருக்கும் வலையில் இதற்குள் ரவுட்டரிடமிருந்து புதிய அறிவிப்பு வந்து எண் மறுபடி 1800-க்கு ஏறியிருக்கும். இங்கே ஏறவில்லை. 900. 400. தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்து முடிப்பதற்குள் 60. பிறகு அந்த வரியே பட்டியலிலிருந்து காணாமல் போனது. முகவரி அப்படியே இருக்கிறது, வெளியே போகும் வழி மட்டும் இல்லை.

காரணம் இதுதான். சாதனம் வலையில் சேரும்போது தானே ரவுட்டரைக் கேட்கிறது, உடனே பதில் கிடைக்கிறது. அதன் பிறகு ரவுட்டர் அவ்வப்போது, இயல்பு அமைப்பில் அதிகபட்சம் 600 வினாடிக்கு ஒரு முறை, எல்லாருக்கும் பொதுவாக மல்டிகாஸ்டில் அறிவிக்கும். அந்த அறிவிப்பின் ஆயுள் இயல்பாக 1800 வினாடி. நண்பனின் வைஃபை பெட்டியில் மல்டிகாஸ்ட் வடிகட்டும் அமைப்பு ஒன்று திறந்திருந்தது. கேட்டு வாங்கிய முதல் பதில் வந்தது, பொது அறிவிப்புகள் ஒன்றுகூட வரவில்லை. அந்த அமைப்பை அணைத்ததும் எண் 1800-க்கு ஏறி இறங்கி ஏறத் தொடங்கியது. உங்கள் ரவுட்டரில் எண்கள் வேறாக இருக்கலாம். எண் தானாக மேலே ஏறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பத்து நிமிடச் சோதனையில் இந்தக் குறை ஒருபோதும் அகப்படாது. ஆகவே வைஃபையில் சேர்ந்து குறைந்தது 35 நிமிடம் கழித்து மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள்.

உங்களுடைய தளத்தை ஐபிவி6-இல் திறப்பதாக இருந்தால்

வரிசை முக்கியம். சர்வர் மென்பொருள் ஐபிவி6 முகவரியிலும் காது கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஃபயர்வாலில் ஐபிவி6-க்கான விதிகளைத் தனியாகப் பாருங்கள், ஐபிவி4 விதிகள் தானாக இதற்கும் பொருந்திவிடாது. பிறகு வெளியிலிருந்து எண்ணை நேரடியாகக் கொடுத்துச் சோதியுங்கள். பிரவுசரில் எண்ணைத் தட்டும்போது சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இதெல்லாம் தேறிய பிறகுதான் டிஎன்எஸ்ஸில் ‘குவாட் ஏ’ பதிவைச் சேர்க்க வேண்டும், அதுவும் 300 வினாடி ஆயுளோடு. ஏதாவது கோளாறு என்றால் பதிவை எடுத்த ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். பதிவை முதலில் போட்டுவிட்டு மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று போனால், சரிசெய்யும் நேரம் முழுக்க வருகிறவர்கள் மூடிய கதவில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

வெளியிலிருந்து என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே உங்கள் தளத்தைப் பார்ப்பது சோதனையாகாது. வெவ்வேறு நிறுவனத்து இணைப்பு வைத்திருக்கும் மூன்று நான்கு நண்பர்களைக் கேளுங்கள். ஜூரோங்கில் ஒருவர், உட்லண்ட்ஸில் ஒருவர், கைப்பேசி டேட்டாவில் ஒருவர் இருந்தால் போதும். ஐபிவி6 வழியாக மட்டும் பக்கத்தைக் கேட்கும் ‘கர்ல் மைனஸ் 6’ கட்டளையைப் போட்டு வந்ததை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். “ஓடுது” என்ற ஒரு சொல் பதிலை ஏற்காதீர்கள், அது ஐபிவி4-இல் ஓடியதாக இருக்கலாம்.

நிறுவனத்துக்கு எழுதும்போது

குறை சுவருக்கு அப்பால் என்று தெரிந்துவிட்டால் எழுதித்தான் ஆக வேண்டும். “இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது” என்று எழுதினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், அங்கேயே இரண்டு நாள் போய்விடும். நோட்டுப் புத்தகம் இப்போதுதான் கைகொடுக்கும். இப்படி எழுதுங்கள்:

‘செவ்வாய் இரவு 9.40. கணினி கேபிள் வழியாக உங்கள் ரவுட்டரில் நேரடியாக இணைந்துள்ளது, வேறு ரவுட்டர் இல்லை. ஐபிவி4 அணைக்கப்பட்டுள்ளது. 2 என்று தொடங்கும் முகவரி வந்துள்ளது, ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்கிறது. கூகுளின் டிஎன்எஸ் முகவரிக்கு 1232 அளவு பிங் 20-க்கு 20 வந்தது, 1452 அளவு பிங் 20-க்கு ஒன்றும் வரவில்லை, பாக்கெட் பெரிது என்ற செய்தியும் வரவில்லை. ட்ரேஸ் இணைக்கப்பட்டுள்ளது. இதே சோதனை புதன் காலை 7.15-க்கும் அதே முடிவைத் தந்தது.’

இப்படி எழுதியதை வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு உடனே புரியாமல் போகலாம். “இதை உங்கள் நெட்வொர்க் பிரிவுக்கு அப்படியே அனுப்புங்கள்” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். படிக்க வேண்டியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் உங்களிடம் மேற்கொண்டு கேட்பதற்கு அதிகம் இருக்காது.

அவர்கள் “சரிசெய்துவிட்டோம்” என்று பதில் எழுதியதும் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, முதல் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். ஐந்தாம் படியில் 1452-ஐயும், வைஃபையில் சேர்ந்து 35 நிமிடம் கழித்து மூன்றாம் படியையும் பார்த்த பிறகு ஐபிவி4-ஐத் திரும்பப் போடுங்கள்.